சுங்கான் துண்டுக்குள் கம்பி விடாதீர்கள்

வர்ஜீனியாவில் ஆற்றங்கரைகளில் பொறுக்கிய பழைய களிமண் சுங்கான் (புகைபிடிக்கும் குழாய்) துண்டுகளை இந்த வாரமும் ஒருவர் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, துளைக்குள் கம்பி விட்டுக் குடைந்து வைத்திருந்தார். எங்கே எடுத்தீர்கள் என்றால், "அங்கே இங்கே" என்கிறார். இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம்தான் கேட்பது?

கூடவே அந்தப் பழைய கதையும் வந்தது. ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேறிய கால மதுக்கடைகளில் ஒரே சுங்கானைப் பலரும் மாற்றி மாற்றிப் புகைப்பார்களாம். அடுத்தவர் வாய் வைக்குமுன் சுத்தத்துக்காக நுனியை ஒடித்துப் போடுவார்களாம். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். கிருமியால் நோய் பரவும் என்ற அறிவே 19-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. ஒடிந்த முனை சொரசொரப்பாக உதட்டைக் கீறும். வெறும் சுட்ட களிமண் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பல சுங்கான்களின் வாய்முனையில் மெழுகு பூசினார்கள். பூசிய முனையை வேண்டுமென்றே ஒடிப்பார்களா? அழுக்கான சுங்கானை இரும்புச் சட்டத்தில் அடுக்கி நெருப்பில் சுட்டார்கள், கறை எரிந்து மறுபடி வெளுத்துவிடும். அப்புறம், அக்கால எலும்புக்கூடுகளின் பற்களைப் பாருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடத்தில் வட்டமாகத் தேய்ந்த பள்ளம் இருக்கும். வருடக்கணக்கில் ஒரே பக்கமாகத் தண்டைக் கடித்துப் புகைத்தவர்கள் அவர்கள்.

இத்தனை துண்டுகள் கிடைக்கக் காரணம் எளிது: சுங்கான் மலிவு, தண்டு நீளம், கீழே விழுந்தால் நாலைந்தாக உடையும். இன்றைய சிகரெட் துண்டு மாதிரி எறிந்துவிட்டுப் போனார்கள். வர்ஜீனியாவின் ஆங்கிலக் குடியேற்றமான ஜேம்ஸ்டவுனுக்கு 1608-லேயே ராபர்ட் காட்டன் என்ற சுங்கான் செய்பவர் வந்துவிட்டார். புகையிலை விலை அதிகமாக இருந்த அந்தத் தொடக்க காலத்தில் புகையிலை வைக்கும் கிண்ணம் சின்னதாக இருக்கும், போகப் போகப் பெரிதாகும்.

தண்டின் துளை அகலமும் காலம் சொல்லும். 1954-இல் தொல்லியலாளர் ஹாரிங்டன் காட்டிய கணக்கு இது: 1620–1650 காலத்தில் பெரும்பாலும் அங்குலத்தில் 8/64, 1750-க்குப் பிறகு 4/64. ஒரு துண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே மண்ணடுக்கிலிருந்து வந்த பல துண்டுகள் வேண்டும். கம்பியால் குடைந்து, நாலு இடத்துத் துண்டுகளை ஒன்றாகக் கொட்டினால் கணக்கே போச்சு. கிண்ணத்தின் உள்ளே படிந்த கரியில் நிகோட்டின் தடயம் மிஞ்சியிருக்கலாம். அதையும் சுரண்டிவிடுகிறீர்கள்.

பார்த்தால் படம் எடுங்கள், அங்கேயே விடுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நிலத்தில் அனுமதியில்லாமல் அகழ்ந்து எடுப்பது 1979-ஆம் ஆண்டின் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லண்டன் தேம்ஸ் கரையில் தேடவும் உரிமம் வேண்டும். களிமண்தானா என்று நாக்கில் வைத்துப் பார்க்கவே வேண்டாம், அது சாக்கடைச் சேற்றில் கிடந்தது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒட்டாதீர்கள், கழுவாதீர்கள். எந்த இடத்தில் எடுத்தது என்று நினைவிருக்கும்போதே எழுதி, அந்தந்தப் பையிலேயே போட்டு வையுங்கள்.