‘கீழே கிடந்ததுதானே சார்!’

நைரோபியில் இருந்துகொண்டு நம் ஊர்க்காரர்களுக்கு சஃபாரி ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று எங்கிருந்து வந்தாலும் முதல் நாள் மாலையே எல்லோரையும் உட்கார வைத்து ஒன்றைச் சொல்லிவிடுவேன். காட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், காட்டு விலங்கின் உடம்பிலிருந்து வந்த எதையும் வாங்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் ஊருக்குக் கிளம்பும் நாளில் விமான நிலையத்திலிருந்து போன் வரும். “தம்பி, பையைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறாங்க, நீங்க கொஞ்சம் வந்து பேசுங்களேன்.”

போன வாரம் வந்ததும் அதே போன்தான். மசாய் மாரா காப்பகத்தில் கிடந்த காட்டுப்பன்றிக் கோரைப் பல் ஒன்றை, ஓட்டுநர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எடுத்து, காலுறைக்குள் சுருட்டி, துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார் ஒருவர். ஸ்கேனரில் அது பளிச்சென்று தெரியும். தெரியாமல் போனாலும் நைரோபி விமான நிலையத்தில் இதற்கென்றே பழக்கிய மோப்ப நாய்கள் இருக்கின்றன. நான் போய் நின்றதும் அவர் சொன்ன முதல் வாக்கியம், “கீழே கிடந்ததுதானே சார், நானா கொன்னேன்?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு எதையும் படிக்காவிட்டாலும் அடுத்த இரண்டு பத்திகளையாவது படித்துவிடுங்கள்.

நீங்கள் கொன்றீர்களா என்று கென்யாவில் யாரும் கேட்கவில்லை. 2013இல் நிறைவேறி 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் கையில் இருக்கும் இந்தப் பொருளுக்கு அனுமதி இருக்கிறதா? எலும்பு, நகம், பல், தந்தம், கொம்பு, முடி, இறகு, முட்டை, தோல், குளம்பு எல்லாம் கணக்கில் வரும். மெருகேற்றியிருக்கலாம், தங்கம் கட்டியிருக்கலாம், சாவிக்கொத்தில் கோத்திருக்கலாம், அதனால் ஒன்றும் மாறாது. அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சாதாரண விலங்கின் பொருளுக்கே அபராதம் 10 லட்சம் ஷில்லிங்கில்தான் தொடங்குகிறது, நம் பணத்தில் 6 லட்ச ரூபாய்க்கு மேல். சிறையும் உண்டு. யானை, காண்டாமிருகம் போன்ற அருகிவரும் இனங்கள் என்றால் கணக்கே வேறு. சட்டம் வந்தபோது அவற்றுக்கு எழுதப்பட்ட தண்டனை 2 கோடி ஷில்லிங்குக்குக் குறையாத அபராதம், அல்லது ஆயுள் சிறை, அல்லது இரண்டும்.

ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: நடுக்காட்டில் யானையைக் கொன்றவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். 2014இல் சாவோ தேசியப் பூங்காவில் சட்டாவோ என்ற பெரிய கொம்பன் யானையை விஷ அம்பு எய்து கொன்று, தந்தத்துக்காக முகத்தையே வெட்டி எடுத்துப் போனார்கள். அந்தத் தந்தம் பத்துக் கை மாறிப் பதினோராவது ஆளிடம் பிடிபடும்போது அவனும் “நான் கொல்லவில்லை, கிடைத்தது” என்றுதான் சொல்வான். அது பொய்யாகவும் இருக்காது. கீழே கிடந்ததை எடுக்கலாம் என்று சட்டத்தில் ஓர் ஓட்டை விட்டால், கென்யாவின் எல்லாத் தந்தமும் அடுத்த நாளே “கீழே கிடந்த” தந்தமாகிவிடும். முதியவர், ஆசிரியர், குழந்தைக்காக எடுத்தவர் என்று ஆள் பார்த்து விலக்குக் கொடுக்கவும் வழியில்லை. வயதாகித் தானாகச் செத்த யானையின் தந்தத்தைக் காவலரே கண்டெடுத்தாலும் அது அரசாங்கக் கிடங்குக்குத்தான் போக வேண்டும். அரசாங்கமும் அதை விற்பதில்லை. 2016 ஏப்ரல் 30 அன்று நைரோபி தேசியப் பூங்காவில் 105 டன் தந்தத்தை அடுக்கித் தீ வைத்தார்கள். கடத்தல்காரர்களிடம் பிடித்ததோடு இயற்கையாக இறந்த யானைகளுடையதும் அதில் இருந்தது. 1989இல் ஜனாதிபதி மோய் 12 டன்னுக்குத் தீ வைத்து இதைத் தொடங்கி வைத்தார். தன் சொந்தத் தந்தத்தையே கொளுத்திவிட்ட நாடு, உங்கள் ஒற்றைப் பன்றிப் பல்லுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுமா?

முன்பெல்லாம் இவ்வளவு கெடுபிடி இல்லை என்று இங்கே வெகுநாள் இருக்கும் நம்மவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அதுதான் பிரச்சினையாக இருந்தது. 2013இல், பழைய சட்டம் இருந்தபோது, 439 தந்தத் துண்டுகளோடு பிடிபட்ட ஒருவர் கட்டிய அபராதம் துண்டுக்கு ஒரு டாலர்கூட இல்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில், புதிய சட்டம் வந்த அதே மாதம், 3.4 கிலோ தந்தத்தோடு பிடிபட்டவருக்கு 2 கோடி ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் ஏழு ஆண்டு சிறை. இதில் கவனிக்க வேண்டியது, அவர் கென்யாவுக்கே வந்தவர் அல்ல. மொசாம்பிக்கிலிருந்து சீனாவுக்குப் போகும் வழியில் நைரோபியில் விமானம் மாறியவர். ஜாம்பியா, மொசாம்பிக், மலாவி பக்கம் வேலை பார்த்துவிட்டு நைரோபி வழியாக ஊர் திரும்புகிறவர்கள் இதை இன்னொரு முறை படியுங்கள்.

பெரிய கடத்தல்காரர்கள் தப்பித்துவிடுகிறார்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். மொம்பாசாவில் 2 டன்னுக்கு மேல் தந்தம் சிக்கிய வழக்கில் 2016இல் ஒருவருக்கு 20 ஆண்டு சிறை கொடுத்தார்கள். 2018இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையாகிவிட்டார். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த வழக்கைச் சொல்லி உங்கள் பையைக் காப்பாற்ற முடியாது. அவருக்கு வாதாட வக்கீல் படை இருந்தது, உங்களுக்கு அன்றிரவு விமானம் இருக்கிறது.

சரி, நம் ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். யானை முடி! இதில்தான் எனக்குப் பொறுமை போகிறது. குழந்தை இரவில் பயந்து அழாது, கண்ணேறு படாது என்று யானை வால் முடியில் மோதிரம் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, உங்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நைரோபியில் இறங்கியதும் “ஒரிஜினல் ஆப்பிரிக்க யானை முடி எங்கே கிடைக்கும்?” என்று கேட்காத குழு அபூர்வம். சாலையோரக் கடைகளில் அந்தப் பெயரில் விற்கிற காப்புகளில் பாதி பிளாஸ்டிக் இழை. போலி என்றால் நீங்கள் ஏமாந்தவர், அசல் என்றால் குற்றவாளி. இதில் எதற்கு ஆசைப்படுகிறீர்கள்? ஊரிலிருந்தே போட்டுக்கொண்டு வந்த மோதிரமாக இருந்தாலும், அது நம் முதுமலை யானையா கென்யாவின் ஆம்போசெலி யானையா என்று அதிகாரியிடம் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியது நீங்கள்தான். இரண்டு யானைக்கும் சர்வதேச வணிகத் தடை இருக்கிறது. கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். புலி நகம் கோத்த சங்கிலி என்றால் சொல்லவே வேண்டாம், அது நம் ஊரிலேயே 1972 சட்டப்படி வம்புதான்.

“ஒட்டக எலும்பு” என்று சொல்லி விற்கும் வெள்ளை வளையல்களும் அப்படியே. பெரும்பாலும் மாட்டெலும்பாகத்தான் இருக்கும். ஆனால் சந்தேகம் வந்தால் மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். கென்யா வனவிலங்குத் துறை 2015இலிருந்தே அதற்கு ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. முடிவு வரும்வரை உங்கள் பயணத் தேதி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யானை, சிங்கம் என்றால்தான் சட்டம், மற்றதெல்லாம் சும்மா என்று நினைப்பவர்களுக்கு எறும்புக் கதை சொல்கிறேன். 2025 ஏப்ரலில் நகுரு பக்கம் ஒரு விடுதியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த 19 வயதுப் பையன்கள் இருவர் பிடிபட்டார்கள். அவர்களிடம் இருந்தது சுமார் 5,000 ராணி எறும்புகள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னக் குழாய்களில், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்படி ஈரப்பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எறும்பு வளர்ப்பது ஒரு பொழுதுபோக்கு, ராணிக்கு நல்ல விலை. தப்பு என்று தெரியாது என்றார்கள். மே மாதம் தீர்ப்பு வந்தது: ஆளுக்கு 10 லட்சம் ஷில்லிங், கட்டாவிட்டால் 12 மாதம் சிறை. செய்தியைப் பார்த்து என் வாட்ஸாப் குழுவில் சிரித்தவர்களில் ஒருவர்தான் அடுத்த மாதம் நட்சத்திர ஆமைக் குஞ்சு மாதிரி இருக்கிறதே என்று ஒரு சிறுத்தை ஆமைக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு படம் அனுப்பினார். சிரிக்கிற எமோஜியோடு.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கும் இதுதான். வட்டாமு, மலிந்தி, கிசிட்டே எல்லாம் கடல் தேசியப் பூங்காக்கள். சங்கு, சோழி, பவளத் துண்டு எதுவும் பைக்குள் வரக்கூடாது. சந்தனக் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காதில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கிழக்காப்பிரிக்கச் சந்தன மரத்தை வெட்டவும் விற்கவும் 2007இலிருந்து தடை. மான் கறி கேட்காதீர்கள். 1977இல் வேட்டையைத் தடை செய்த நாடு இது. பண்ணையில் வளர்த்த முதலை, தீக்கோழி உரிமம் உள்ள உணவகத்தில் கிடைக்கும், ஆசை இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையும் கொண்டு வராதீர்கள், 2017இலிருந்து தடை. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் பாட்டில் 2020இலிருந்து பூங்காவுக்குள் கூடாது. டிரோன், முன்கூட்டி அனுமதி இல்லாமல் கூடவே கூடாது.

இதெல்லாம் வெள்ளைக்காரச் சுற்றுலாவுக்காகப் போட்ட சட்டம் என்று ஒரு பெரியவர் என்னோடு வாதாடினார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கென்யாவின் காட்டு விலங்குகளில் பாதிக்கு மேல் தேசியப் பூங்காக்களுக்கு வெளியேதான் திரிகின்றன, மசாய் மக்களின் மேய்ச்சல் நிலத்திலும் சோளக் காட்டிலும். யானை இரவோடு இரவாக வயலை அழித்துவிட்டுப் போனால் தாங்கிக்கொள்வது அந்தக் குடும்பம்தான். ஆள் செத்தால் சட்டப்படி 50 லட்சம் ஷில்லிங் இழப்பீடு உண்டு, ஆனால் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். அந்த ஊர்க்காரர் பசிக்கு ஒரு டிக்-டிக் மானைப் பிடித்தாலும் குற்றம்தான். இவ்வளவு விலை கொடுத்துத்தான் 1989இல் சுமார் 16,000 ஆகச் சரிந்திருந்த யானைகளை 2021 கணக்கெடுப்பில் 36,280க்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் வெற்றி இல்லை. வட வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண், சூடான் என்று பெயர், 2018 மார்ச்சில் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் இறந்தது. மிச்சம் இரண்டு பெண்கள், அம்மாவும் மகளும். இந்த ஊர்க்காரனுக்கு இல்லாத சலுகையை, மூன்று நாள் வந்து போகிற நமக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்?

வாங்க ஆசையாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மசாய் சந்தையில் பாசிமணி, கிசி மாக்கல் சிற்பங்கள், சிவப்புக் கட்டம் போட்ட சுக்காத் துணி, காப்பிக்கொட்டை, தேயிலை எல்லாம் இருக்கின்றன. பேரம் பேசுவதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இறகையும் முள்ளம்பன்றி முள்ளையும் பொறுக்கத்தான் செய்வார்கள், திட்டாதீர்கள். கையில் வைத்துப் பார்க்கட்டும், படம் எடுத்துக் கொடுங்கள், பூங்கா வாயிலைத் தாண்டுவதற்குள் எடுத்த இடத்திலேயே போடச் சொல்லுங்கள். சட்டைப்பை, தொப்பி, முதுகுப்பையின் பக்க அறை மூன்றையும் நீங்களே ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு இன்னொன்று. வண்டியில் ஏதாவது பிடிபட்டால் விசாரணை உங்களோடு நிற்பதில்லை. ஓட்டுநரின் உரிமம், அவர் இந்தத் தொழிலில் சேர்த்த பெயர் எல்லாம் கேள்விக்குள்ளாகும். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அவர் அலைந்துகொண்டிருப்பார். அவர் வேண்டாம் என்று சொன்னால், உங்கள் மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை. பூங்காவை விட்டு வெளியே வரும்முன் சந்தேகமாக எது இருந்தாலும் அவரிடம் காட்டிவிடுங்கள். எதை விட்டுவிட்டு வர வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.