ஏழு தாளமும் ஒப்பிக்கிற குழந்தைக்கு எட்டு அடி நடக்க வரவில்லை

போன வாரம் என் கர்நாடக சங்கீத வகுப்பில் புதிதாகச் சேர வந்த ஏழு வயதுக் குழந்தை ஏழு தாளங்களின் பெயரையும் மூச்சு விடாமல் சொன்னாள். தாளத்தின் உறுப்புகளான லகு, திருதம், அனுதிருதம் எல்லாவற்றுக்கும் விளக்கம் தயார். "சரிம்மா, ஆதி தாளம் போட்டுக்கொண்டே நட" என்றேன். எட்டு எண்ணிக்கைத் தாளம் அது. மூன்றாவது அடியிலேயே கையும் காலும் பிரிந்துவிட்டன. பயந்துபோய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வருடம் இப்படி வந்த நான்காவது குழந்தை இவள்.

"குதிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், சரி. பாடம் எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று என் வகுப்பைப் பார்த்துப் பெற்றோர் கேட்கிறார்கள். அதுதாங்க பாடம்! தகதிமி என்று நான்கடியும், தகிட என்று மூன்றடியும் நடந்து பழகிய குழந்தைக்குச் சதுஸ்ரம், திஸ்ரம் என்ற பெயர்களைப் பிறகு சொன்னால் போதும். கண்டம் என்றால் ஐந்து என்று நோட்டில் பத்து முறை எழுதியவள், தகதகிட நடக்கும்போது ஆறாவது அடியும் வைத்துவிடுகிறாள். எழுதியது காலுக்கு எட்டவே இல்லை. பரத வகுப்பில் ஆசிரியர் தட்டும் தட்டுக்கழிச் சத்தத்துக்குக் காலைத் தட்டித் தட்டடவு போடும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக வருவதில்லை.

ஸ்வர ஸ்தானமும், அதாவது ஒவ்வொரு ஸ்வரமும் நிற்கும் இடமும், அப்படித்தான். ஆரம்பப் பாடத்து ராகமான மாயாமாளவகௌளையில் ச‑விலிருந்து ரி சின்ன அடி, ரி‑யிலிருந்து க ஒரு பெரிய தாண்டல், க‑விலிருந்து ம மறுபடி சின்ன அடி. ப‑விலிருந்து மேல் ச வரைக்கும் அதே நடைதான். தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாடிக்கொண்டே தாண்டவிடுங்கள். இரண்டு பாதியும் ஒன்றுபோலவே இருப்பதைக் குழந்தையே கண்டுபிடித்துச் சொல்லும். அப்புறம் கீபோர்டில் காட்டலாம். கட்டைகளின் மேல் ச ரி க ம ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீர்கள். அதைப் படித்து அழுத்தப் பழகிவிட்டால், ஸ்வரத்தைக் காதால் தேடவே மாட்டார்கள்.

கையைப் பிடித்து நீங்களே தாளம் போட்டுவிடாதீர்கள். தப்பினால் தொடையில் அடித்துத் திருத்தும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பயந்த உடம்பில் லயம் நிற்காது. முதல் வாத்தியமாகச் சின்ன ஜால்ரா போதும், காதருகே அடிக்க மட்டும் விடாதீர்கள். முதல் காலம் நிதானமாக நிற்கும்வரை, அதைப் போல இரண்டு மடங்கு வேகமான இரண்டாம் காலத்துக்கு அவசரம் வேண்டாம்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் கூடத்தில் குழந்தையோடு சேர்ந்து தாளம் போட்டு நடங்கள். நீங்கள் தப்பினாலும் பரவாயில்லை, அவள் திருத்துவாள்.