குற்ற மனப்பான்மை யாருக்கு இருக்கும்?

காரைக்குடிப் பக்கம் கிறிஸ்தவர்களின் தவக்காலம் பிறந்தால் சுவரொட்டியும் பிறந்துவிடும். ‘குற்ற மனப்பான்மையிலிருந்து விடுதலை’. தியானமோ, உபவாசக் கூட்டமோ, வாலிபர் முகாமோ, எங்கும் இதே தொடர்தான். ‘கில்ட்’ (guilt) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எப்போதோ யாரோ கட்டிவிட்ட தமிழ் இது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

குற்றம் பழைய சொல். குறளில் ‘குற்றங்கடிதல்’ என ஓர் அதிகாரமே உண்டு. பான்மை என்றால் இயல்பு, தன்மை. அடிமை மனப்பான்மை உள்ளவன் அடிமைபோல நடப்பான். போட்டி மனப்பான்மை உள்ளவன் போட்டி போடுவான். அப்படியானால் குற்ற மனப்பான்மை உள்ளவன்? குற்றம் செய்யத் துடிப்பவன் என்றுதானே பொருள் வருகிறது! சட்டம் படித்தவர்கள் ‘குற்ற மனம்’ என்பதும் குற்றம் புரியும் எண்ணத்தைத்தான். செய்த தவற்றை நினைத்து உறக்கமில்லாமல் புரளும் ஒரு பெண்ணுக்குப் போய் இந்தப் பட்டத்தைச் சூட்டுகிறோம்.

‘தாழ்வு மனப்பான்மை இல்லையா, அதுபோலத்தான்’ என்பார்கள். இல்லை. தாழ்வு ஒரு நிலை. ‘நான் தாழ்ந்தவன்’ என்ற நினைப்பு அங்கே நோய். பெரும்பாலும் அது பொய்யான நினைப்பும்கூட. குற்றம் அப்படியல்ல, அது செயல். தம்பியை ஏமாற்றிப் பங்கு வீட்டில் கூடுதலாக ஓர் அறையை எழுதி வாங்கியவனுக்கு மனசு அடித்துக்கொண்டால் அதில் நோய் எங்கே இருக்கிறது? மனசு சரியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். மனப்பான்மை என்று சொன்னதும் குற்றமே மனப்பிரமை ஆகிவிடுகிறது. அப்புறம் மன்னிப்பு எதற்கு? நாலு ஆறுதல் வார்த்தை போதுமே.

நம் ஆச்சிமார் இதைவிடத் தெளிவாகப் பேசினார்கள். ‘குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.’ குற்றம் வேறு, குறுகுறுப்பு வேறு. பழமொழி இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. புதுச்சொல் கட்டியவர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். நடந்ததைக் குற்றம் என்றே சொல்லலாம். உள்ளே குத்துவதற்கு உறுத்தல் என்ற சொல் கைவசம் இருக்கிறது. எழுத்துநடைதான் வேண்டும் என்றால் ‘குற்ற உணர்வு’ என்றாவது எழுதட்டும். ‘தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்’ என்ற குறளைப் படித்தவர்களுக்கு இந்த உணர்வு புதிதல்ல.

இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடிக்கக் காரணம் வேதத்திலேயே இருக்கிறது. மத்தேயு 6:12, பழைய மொழிபெயர்ப்பில், ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்கிறது. இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். கொலோசெயர் 2:14இல் சிலுவையில் ஆணியடிக்கப்படும் ‘கையெழுத்து’ இருக்கிறதே, கிரேக்க மூலத்தில் அது கடன்பட்டவன் தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு. லேவாதேவி செய்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? புரோநோட்டு! ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்கே போட்ட கையெழுத்தைக் கிழித்து நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு பைசல். அதன் பிறகும் ஒருவன் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கமாகவே போகிறான் என்றால், மிச்சம் இருப்பது கடனல்ல, பழகிப்போன பயம். அதற்கு இன்னொரு மன்னிப்பு தேவையில்லை; கிழிந்த நோட்டை அவன் கண்ணில் காட்டினால் போதும். ‘நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர்’ என்று யோவான் எழுதுவதும் இதைத்தான்.

மன்னிப்பு என்பதே தமிழில்லை, உருது என்று ஒரு கட்சி உண்டு. உருதுவிலிருந்து வந்தது ‘மாப்பு’. மன்னித்தலுக்குக் கன்னடத்தில் ‘மன்னிசு’, தெலுங்கில் ‘மன்னிஞ்சு’ என்று உறவுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் மதித்தல் என்ற பொருளும் உண்டு. ஆனாலும் கத்தோலிக்கர் ஜெபத்தில் வரும் ‘பொறுத்தருளும்’ எனக்கு ஒரு படி மேல். பொறுத்தல் என்றால் சுமத்தல். எபிரேயத்தில் ‘நாசா’ என்ற வினைக்கும் சுமப்பது, மன்னிப்பது என்ற இரு பொருளும் உண்டு.

இப்போது அடுத்த வியாதி: ‘கடவுளின் மன்னிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.’ தமிழில் மன்னிப்பை ஏற்றுக்கொள்வது யார்? தவறு செய்தவன் வந்து கேட்க, பாதிக்கப்பட்டவன் ஏற்றுக்கொள்வான். இந்த வாக்கியத்தைக் கேட்டால் கடவுளே நம் வீட்டு வளவில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டமாதிரி இருக்கிறது. ‘பாவமன்னிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று பழைய வேதநடையில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பெறுகிறவன் கையேந்தி நிற்கிறான். அந்தப் பணிவு ‘ஏற்றுக்கொள்’ளில் கிடையாது.

இதற்கும் மேலே ‘உங்களை நீங்களே மன்னித்துவிடுங்கள்’ என்று ஒன்று. கடன் வாங்கியவனே தன் நோட்டைக் கிழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் எங்கள் ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி இறக்காமல், அச்சுக்குக் கொடுக்கும் முன் வீட்டில் இருக்கும் வயசானவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டட்டும்.