குழந்தையின் ஒன்பதாம் மாத ஊசிக்குப் பிறகும் தடுப்பூசி அட்டையை எடுங்கள்

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது நம் பக்கத்து வழக்கம். புவனகிரியில் பிரசவம், புகுந்த வீடு பாகூர், மாப்பிள்ளைக்கு வேலை பெங்களூரில் என்றால் குழந்தை மூன்று ஊரிலும் மாறி மாறி வளரும். கிராம சுகாதாரச் செவிலியராக நான் பார்த்தவரை, தடுப்பூசி விட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தில்தான். அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

பிறந்தவுடன் போடும் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத் தொடை ஊசிகளுக்குப் பாட்டிமார் தவறாமல் தூக்கி வந்துவிடுவார்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டதும், ‘எல்லாம் முடிஞ்சுது’ என்று அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது.

16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு சுற்று இருக்கிறது. முதல் தட்டம்மை ஊசியில் சில குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. அவர்களுக்காகத்தான் இரண்டாவது ஊசி. கக்குவான் இருமலுக்கான பாதுகாப்பும் நாளாக ஆகக் குறையும் என்பதால், அதுவும் சேர்ந்த முத்தடுப்பூசியின் ஊக்கத் தவணையும் உண்டு.

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியையும் மறக்கக் கூடாது. வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு, நாரையிடமிருந்தும் கிருமியை எடுத்து மனிதருக்குக் கொண்டுவருகிறது. வீராணம் பாசனத்தில் வாழும் நமக்கு வயலும் கொக்கும் வாசலிலேயே இருக்கின்றன. அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. பிழைத்த குழந்தைகளிலும் பலருக்கு வலிப்பும் கைகால் முடக்கமும் தங்கிவிடுகின்றன. 9 மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என இரண்டே ஊசி. எல்லா மாவட்டங்களிலும் இதைப் போடுவதில்லை. வெளியூரிலிருந்து குழந்தையோடு வந்தால் நீங்களே கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் புதன்கிழமை இலவசமாகப் போடுகிறோம். காலையிலேயே வாருங்கள். தட்டம்மை ரூபெல்லா மருந்து தூளாக வரும். கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான். மீந்ததைக் கழித்துவிட வேண்டும். அதனால்தான் ‘நாலு குழந்தை சேரட்டும்மா’ என்று சில நேரம் உட்கார வைக்கிறோம். ஊசி போட்ட பிறகும் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

சளியோ லேசான காய்ச்சலோ இருந்தாலும் ஊசி போடலாம். தவணை தள்ளிப்போயிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நர்சம்மா திட்டுவார்கள் என்று தயங்கித் தயங்கியே மாதங்களைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள்.

ஒரு ஊரில் வாங்கிய அட்டையை இன்னொரு ஊரில் காட்டி ஊசி போடலாம். அட்டை தொலைந்துவிட்டால், ஊசி போட்ட இடத்துப் பதிவேட்டில் விவரம் இருக்கும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது வாங்கிய பிக்மி (PICME) எண்ணையும் அப்போது கொடுத்த கைபேசி எண்ணையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தேடிப் பார்த்துப் புது அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம்.