எக்வெஃபி பறிகொடுத்த ஒன்பது பிள்ளைகள்

நீலகிரியில் வேலை பார்த்த நாட்களில், சோகையோடு வரும் குழந்தையின் தாயிடம் முதலில் நான் கேட்டது, "இதற்கு முன்னால் பிள்ளை தவறியிருக்கிறதா, அம்மா?" பலர் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். அப்போதெல்லாம் எக்வெஃபி நினைவுக்கு வருவாள்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் 1958ஆம் ஆண்டு நாவலில், தமிழில் 'சிதைவுகள்', அவள் பத்துப் பெற்று ஒன்பதைப் பறிகொடுத்தவள். செத்துச் செத்து அதே வயிற்றில் பிறந்து வதைக்கும் பிள்ளையை இக்போ மக்கள் 'ஒக்பாஞ்சே' என்பார்கள். ஒரு மகனுக்கு அவள் வைத்த பெயர் ஒன்வும்பிகோ: 'சாவே, உன்னைக் கெஞ்சுகிறேன்'. பிள்ளை தங்காத வீட்டில் நாம் பிச்சை, குப்புசாமி என்று பெயர் வைத்து மூக்குக் குத்துவோமே, அதே தவிப்பு. அவனும் இறந்தான். திரும்பி வரக் கூடாதென்று வைத்தியர் சடலத்தைக் கத்தியால் கீறி, காலைப் பிடித்து, தீய ஆவிகள் இருப்பதாக ஊர் அஞ்சும் பொல்லாத காட்டுக்கு இழுத்துப் போகிறார்.

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அரிவாள் செல் சோகை. ஒக்பாஞ்சே எல்லாமே அது அல்ல, மலேரியாவும் கொன்றிருக்கும். ஆனாலும் மருத்துவர் கண்ணுக்கு அந்த நோய் தெரியாமல் போகாது. அதற்காக வைத்தியரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடக்கிறது. சிகாகோவில் மருத்துவர் ஹெரிக் இந்த ரத்த அணுக்களை விவரித்ததே 1910இல்தான். கல்லும் மரமும் தெய்வமா என்று கேட்ட வெள்ளைக்காரப் பாதிரியிடமும் இதற்கு மருந்து கிடையாது.

பிறகு அந்தப் பாதிரியின் கிறிஸ்தவ சபை எப்படி வளர்ந்தது? நாவலில் வரும் எம்பான்டா ஊரார் சபைக்காரர்களுக்குத் தங்கள் பொல்லாத காட்டையே கொடுத்தார்கள், நான்கு நாளில் செத்துவிடுவார்கள் என்று. சாகவில்லை. அங்கே சேர்ந்த முதல் பெண் நெக்கா, நிறைமாதக் கர்ப்பிணி. முந்தைய நான்கு பிரசவத்திலும் இரட்டைப் பிள்ளைகள். எல்லாரையும் ஊர் வழக்கப்படி தூக்கி எறிந்துவிட்டார்கள். பண்பாட்டு மோதல் என்றால் பரீட்சைக்கு நாவலில் வரும் வெள்ளைக்காரக் கமிஷனரையும் சிறையையும் எழுதுவார்கள். எனக்கு அந்தக் கர்ப்பிணி சபையை நோக்கி நடந்த நடைதான் நாவல்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பது 1952இலேயே பதிவாகிவிட்டது. தாய், தந்தை இருவருமே அந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கைக்குழந்தைக்கு விரல்கள் வீங்கினால், கண் மஞ்சளித்தால், எலும்பு வலி திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். பென்சிலின், தடுப்பூசி, ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து எல்லாம் இன்று இருக்கின்றன.

மந்திரித்த கயிற்றை நான் அவிழ்க்கச் சொல்வதில்லை. ரத்தம் இன்னொரு கையில் எடுத்துக்கொள்வேன்.