டி.டி.எம். பட்டம் வாங்கும் அவசரத்தில் குரலைத் தொலைக்காதீர்கள்

நேற்று மாலை வந்தவர் "வணக்கம் மேடம்" என்று சொன்னதுமே புரிந்துவிட்டது. பாதி மூச்சு, பாதி கரகரப்பு. "ஜூன் 30க்குள்ள லெவல் ஃபைவ் முடிக்கணும். இந்த மாசம் மட்டும் மூணு கிளப்ல ஒன்பது ஸ்பீச் பேசிட்டேன்." குரல் கம்மி ஆறு வாரம் ஆகிறதாம். இந்த ஆண்டு இதே கதையோடு என்னிடம் வரும் நான்காவது டோஸ்ட்மாஸ்டர் இவர், அதாவது மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பின் உறுப்பினர்.

நான் குரல், பேச்சு சிகிச்சையாளர். 1924-இல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அந்தக் கிளப்புகள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. மேடையைக் கண்டு நடுங்குபவர்களை நானே அங்கே அனுப்புகிறேன். அதனால்தான் கோபம் வருகிறது.

அந்தக் கிளப்புகளின் மிக உயர்ந்த பட்டமான டிஸ்டிங்விஷ்ட் டோஸ்ட்மாஸ்டருக்கு (டி.டி.எம்.) முக்கியமாக என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். பாத்வேஸ் என்ற பயிற்சித் திட்டத்தில் இரண்டு பாதைகளை முடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து லெவல், குறைந்தது 14 ப்ராஜெக்ட், பெரும்பாலும் மேடையில் பேசி முடிக்க வேண்டியவை. அதோடு கிளப் நிர்வாகப் பொறுப்பு, பல கிளப்புகள் சேர்ந்த டிஸ்ட்ரிக்ட்டில் ஏரியா டைரக்டர் போன்ற ஓராண்டுப் பொறுப்பு, ஒரு கிளப்புக்கு மென்டராகவோ கோச்சாகவோ இருப்பது, கடைசியில் டி.டி.எம். ப்ராஜெக்ட். டிஸ்ட்ரிக்ட் பொறுப்பின் ஓராண்டை யாராலும் மூன்று மாதமாகச் சுருக்க முடியாது. சுருக்க முடிவது பேச்சுகளை மட்டும்தான். அதைத்தான் எல்லோரும் சுருக்குகிறார்கள்.

மேடையில் பேசும் ஏழு நிமிடத்தால் யாருக்கும் குரல் போவதில்லை. ஒத்திகைதான் காரணம். ஏழு நிமிடப் பேச்சை முழுக்குரலில் பத்து முறை சொல்லிப் பார்த்தால் எழுபது நிமிடம். அதுவும் நாள் முழுக்க அலுவலகத்தில் பேசிவிட்டு, இரவில். பெண்களின் குரல்நாண்கள் சாதாரணப் பேச்சில் நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மீதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என்னை அதிகம் வாட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன்: "தொண்டை கட்டியிருக்கு, அதனால குசுகுசுன்னுதான் பேசுறேன்." தயவுசெய்து வேண்டாம். குசுகுசுப்பு ஓய்வு அல்ல. அப்படிப் பேசும்போது பலர் குரல்நாண்களுக்கு மேலே உள்ள தசைகளை இறுக்கி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றுகிறார்கள். போனில் எதிராளிக்குக் கேட்கவில்லை என்றால் இன்னும் இறுக்குகிறார்கள். மூன்று நாள் குசுகுசுத்துவிட்டு, "ரெஸ்ட் குடுத்தும் சரியாகலையே" என்று வருகிறார்கள். ஓய்வு என்றால் வாய் மூடியிருப்பது. பேசியே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் இயல்பான மெல்லிய குரலில், சுருக்கமாக.

இன்னொன்று, மேடை ஏறும் முன் வெந்நீர். நீங்கள் குடிக்கும் நீர் உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல்நாணைத் தொடுவதே இல்லை, தொட்டால் புரையேறும். அன்று முழுவதும் தண்ணீர் குடித்திருந்தால்தான் பலன்.

ஒத்திகையில் பாதியை மனசுக்குள் செய்யுங்கள், அசைவுகளோடு. முழுக்குரல் இரண்டு முறை போதும். மைக் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "எனக்கு மைக் வேண்டாம்" என்பதில் பெருமை ஒன்றுமில்லை. கனைக்காதீர்கள், எச்சிலை விழுங்குங்கள். சளி பிடித்துக் குரல் மாறிய வாரத்தில் பேச்சை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று போனால் அங்கேயே நிறுத்துங்கள், குரல்நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம்.

கரகரப்பு நான்கு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் லாரிங்கோஸ்கோப்பி, அதாவது குரல்வளையைக் கருவி வைத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ளுங்கள். புகைப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், மூச்சு வாங்குபவர், எச்சிலில் ரத்தம் கண்டவர் நான்கு வாரம் காத்திருக்கவே கூடாது.

கிளப்புகளின் கல்விப் பிரிவுத் துணைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர்கள் முடிக்கும் லெவல்கள் கிளப்பின் ஆண்டு இலக்கில் சேரும் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கணக்கை மே மாதத்தில் எடுக்காமல், கிளப் ஆண்டு தொடங்கும் ஜூலையிலேயே எடுத்து, ஸ்பீச் ஸ்லாட்டுகளைப் பரப்பிக் கொடுங்கள். கரகரத்த குரலில் ஒருவர் மேடை ஏறினால் "சூப்பர் டெடிகேஷன்" என்று கைதட்டாதீர்கள்.

நேற்று வந்தவரின் ரிப்போர்ட் இன்று காலை வந்தது. இரு குரல்நாண்களிலும் முடிச்சு. அறுவை தேவைப்படாது என்று நம்புகிறேன். வாரம் இருமுறை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கிளப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜூலை கூட்டங்களில், பேசுபவர்களின் நேரத்தைப் பார்க்கும் டைமராக உட்காரப் போகிறார். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டக் குரல் வேண்டாம். நேரக் குறிப்பை எழுதிக் கொடுத்தால் இன்னொருவர் வாசித்துவிடுவார்.