வெறும் தடுப்புதானே என்று நினைக்காதீர்கள்

பட்டறைக்குள் 30 மீட்டர் நீளத்துக்கு மரச் சட்டத்தில் தடுப்புச் சுவர் எழுப்பும்போது, "கூரையையா தாங்கப் போகிறது, வெறும் மறைப்புதானே" என்றுதான் பலரும் வேலையைத் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த நினைப்புதான் கவலை. இடையில் குறுக்குச் சுவர் இல்லாமல் நீளும் சட்டத்துக்குத் தரையிலும் தலையிலும்தான் பிடிமானம். அதிலும் தலைப்பக்கம்தான் அதிகம் கெடுகிறது.

ஆடக் கூடாது என்று மேல்சட்டத்தைக் கூரை டிரஸ்ஸோடு, அதாவது கூரையைத் தாங்கும் சட்டகத்தோடு, சேர்த்து இறுக்கி அடித்துவிடுகிறார்கள். டிரஸ் பாரம் ஏறினால் தாழும், இறங்கினால் எழும். 12 மீட்டர் அகலக் கூரையை, அகலத்தில் 240-இல் ஒரு பங்கு தாழலாம் என்ற வரம்பில் வடிவமைத்திருந்தால், நடுவில் 50 மில்லிமீட்டர் வரை தாழ இடமுண்டு. அப்போது கூரையின் பாரம் மறைப்புச் சுவர் மேல் உட்காரும். முதலில் கதவு காட்டிக்கொடுக்கும்: பூட்டுப் பக்க மேல்மூலை நிலையில் உரச ஆரம்பிக்கும். அப்புறம் நிலையின் மூலையிலிருந்து, சட்டத்தின் மேல் அடித்த போர்டில் சாய்வாக விரிசல் ஓடும். கதவை இழைத்துவிட்டுப் போனால், கூரையில் அடுத்து பாரம் ஏறும்போது மறுபடி உரசும்.

ஆகவே மேலே இடைவெளி விடுங்கள். விரலளவு போதும் என்று ஊகிக்க வேண்டாம், கூரை எவ்வளவு தாழும் என்று பொறியாளரிடம் கேட்டு அந்த அளவுக்கு விடுங்கள். மேலும் கீழுமாக நீண்ட துளை உள்ள எல் வடிவப் பட்டையால் பிடித்தால், சுவர் பக்கவாட்டில் சாயாது, டிரஸ் மட்டும் ஏறி இறங்கும். ஸ்க்ரூவை முழுக்க முறுக்கிவிட்டால் இவ்வளவு செய்ததும் வீண். வெல்டிங் பகுதியைப் பெயிண்ட் பகுதியிலிருந்து பிரிக்கும் சுவர் என்றால், இடைவெளியை நெகிழும் தீத்தடுப்பு சீலண்ட்டால்தான் அடைக்க வேண்டும். சிமெண்ட் பூசினால் பழையபடி இறுகிவிடும்.

சட்டத்தின் கால்களுக்கு, அதாவது நெட்டுக்கு நிற்கும் கட்டைகளுக்கு, குறி போடும்போது டேப்பை ஒரு முனையில் வைத்துக் கடைசிவரை ஓட்டுங்கள். ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு என்று அளந்து போனால், ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாக 1 மில்லிமீட்டர் தவறினாலும் 400 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 மீட்டர் முடிவதற்குள் 75 மில்லிமீட்டர் பிசகும். போர்டு விளிம்பு காலில் உட்காராது.

நேர் பார்க்க நூலைச் சட்டத்தோடு ஒட்டிக் கட்டாதீர்கள், ஒரு புடைப்பு தொட்டாலே நூல் பொய் சொல்லும். இரு முனையிலும் ஒரே கனமுள்ள கட்டை வைத்து அதன் மேல் இழுத்துக் கட்டி, அதே கனத்தில் மூன்றாவது கட்டையை நூலுக்குள் விட்டுக்கொண்டே போங்கள். நூலைத் தள்ளினால் அங்கே புடைப்பு, இடைவெளி தெரிந்தால் பள்ளம்.

தூக்கி நிறுத்துவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முழு நீளத்தையும் ஒரே சட்டமாகத் தூக்காதீர்கள். மூன்று, நான்கு மீட்டர் துண்டுகளாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சாய்முட்டு அடித்த பிறகே கையை எடுங்கள். பட்டறையின் பெரிய ஷட்டர் திறந்திருந்தால் உள்ளேயும் காற்று வேகமாக அடிக்கும். வெறும் சட்டத்தில் அது புகுந்து போய்விடும். ஒரு பக்கம் போர்டு அடித்ததும் முழுப் பரப்பையும் தள்ளும். "போர்டு அடித்தாயிற்று, இனி நிற்கும்" என்று சாய்முட்டைக் கழற்றுவதும் அந்த நேரத்தில்தான். கீழே தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட், மேலே பட்டைகள் என எல்லாம் பொருத்திச் சரிபார்க்கும்வரை முட்டு இருக்கட்டும், அந்தப் பக்கம் யாரும் வேலை செய்ய வேண்டாம்.